கார் திருடன் கொட்டாய்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்லும் கதை இல்லை. ஒரு பழைய காரையும், அதைச் செய்த அண்ணன் தம்பி இருவரையும், அதைத் திருடியதாகப் பேர் சுமந்த ஒரு வீட்டையும் பற்றிச் சொல்லப் போகிறேன். நடுவில் யாரை நம்புவது என்று உங்களுக்கே தடுமாறும். தடுமாறினால் பரவாயில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகும் ரோட்டை விட்டு இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால், மூன்று வீடுகள் உள்ள ஒரு கொட்டாய் வரும். ரேஷன் கார்டில் அதற்கு மேலக்காட்டுக் கொட்டாய் என்று பேர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. கார் திருடன் கொட்டாய் என்பார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவன், கொரியர்க்காரன், மாங்காய்க் குத்தகை பேச வருகிற வியாபாரி, எல்லாருக்கும் அதே பேர்தான். போன வருஷம் எந்தப் புண்ணியவானோ செல்போன் மேப்பிலும் அப்படியே ஏற்றிவிட்டான்.

அந்தக் கொட்டாயில் இருக்கிறவள் தீர்த்தம்மாள். வயது ஐம்பதை நெருங்குகிறது, வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கோகிலவாணி பாலக்கோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். பக்கத்து வீட்டில் கொழுந்தன் வெங்கடாசலம், கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவன்.

கோகிலவாணிக்கு மாரண்டஹள்ளியில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் பார்க்க வருவதற்கு வழி கேட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கை மேப்பைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். அதில் கொட்டாயின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. மறுநாள் காலை ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எட்டுப் பொருத்தம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அதியமான்கோட்டையில் இன்னோர் இடம் பேச்சில் இருந்தது. தீர்த்தம்மாளுக்கு ராத்தூக்கம் போனது மாப்பிள்ளையை நினைத்து அல்ல, அந்தப் பேரை நினைத்துத்தான்.

பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தீர்த்தம்மாளின் வீட்டுக்காரருக்குப் பாட்டனின் அப்பா சென்னப்பன். நூறு வருஷத்துக்கு முன்னே, காட்டில் மரம் வெட்டக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஹெம்ஸ்லி என்ற துரையிடம் கார் ஓட்டினவர். ஒரு நாள் துரை சீமைக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் சென்னப்பன் இரண்டு ஜோடி மாடு பூட்டி அந்தக் காரைக் கட்டியிழுத்துக்கொண்டு தன் நிலத்துக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் அதை ஓட விட்டு இரண்டு தடவை காரிமங்கலம் சந்தைக்கும் போனார். துரை காரில் துரை இல்லாமல் வருகிறானே என்று சந்தையே பேசியது. பேச்சு பொறுக்காமல் காரை வைக்கோல் போருக்குள் மூடினார். மூடினதும் பேச்சு இன்னும் பெரிதானது. ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். போலீஸ் வருமென்று பயந்த அவர் பெண்சாதி, வீட்டில் இங்கிலீஷ் எழுத்து இருந்த காகிதம் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம். கார் ஒரு தகர ஷெட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு மோட்டார், மண்வெட்டி, மிதிவண்டி எல்லாவற்றுக்கும் வாசலில் பொட்டு வைப்பார்கள். காருக்கு மட்டும் ஷெட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. தீர்த்தம்மாள் மருமகளாக வந்த மறுநாள் மாமியார் சொன்ன முதல் சொல், "அந்த ஷெட்ட ஆரு கேட்டாலும் வைக்கப்பில்லுன்னு சொல்லு" என்பதுதான். பூட்டன் திருடியிருக்க மாட்டார் என்று வெளியாட்களிடம் சண்டை போடுவார்கள். உள்ளுக்குள் அவர்களுக்கே சந்தேகம். திருடவில்லை என்றால் எதற்கு மூடினார்?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, தீர்த்தம்மாள் களத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கர்நாடகா நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கேமரா, சட்டைப் பையில் டார்ச், கையில் அளக்கிற டேப்.

"ஆருங்க?"

"என் பேரு சந்திரமோகன்ங்க. பெங்களூருல இருந்து வரேன். ஆனா எங்கப்பா ஊரு காரிமங்கலந்தான்."

"காரிமங்கலத்துல ஆரு வூடுங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சின்ன வயசுலயே போயிட்டம்ங்க. இப்ப அங்க ஆரும் இல்ல."

ஊரைச் சொல்கிறான், வீட்டைச் சொல்லத் தெரியவில்லை என்று தீர்த்தம்மாள் மனதில் முடிந்துகொண்டாள்.

"இங்க சென்னப்பன்னு ஒருத்தர் இருந்தாராங்க? நூறு வருஷத்துக்கு முன்னாடி. டிரைவரா இருந்தவரு."

புளி தட்டுகிற கை ஒரு நொடி நின்றது. "அப்பிடி ஆரும் இல்லீங்க. எங்க வூட்ல ஆரும் டிரைவர் இல்ல. கொழுந்தனாரு மொபெட்டு ஓட்டுவாரு, அவ்வளவுதான்."

"அந்த ஷெட்ல என்னங்க இருக்குது?"

"வைக்கப்பில்லுங்க."

"மாடு ஒண்ணையும் காணமே."

"வித்துட்டம்ங்க."

"மாட்ட வித்துட்டு பில்ல மட்டும் பூட்டி வச்சிருக்கீங்க."

"மறுபடி மாடு வாங்கினா வேணுமில்லீங்க?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தாள். பேர் அச்சடித்த அட்டை ஒன்றைப் புளிக் கூடைமேல் வைத்துவிட்டுப் போனார். போனவர் நேரே போகவில்லை. பாதை முக்கில் காரை நிறுத்திக் கால்மணி நேரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததை மாமரத்துக்குப் பின்னால் நின்று அவள் பார்த்தாள்.

சாயங்காலம் மூன்று பேரும் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"நெலம் அளக்க வந்தவன் அண்ணி. டேப்ப பாத்தீங்கல்ல" என்றான் வெங்கடாசலம். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, பழைய சாமான் கடத்தறவன்" என்றான். கடைசியில் தாழ்ந்த குரலில், "தொரையோட பேரன் அனுப்பிச்ச ஆளா இருக்கும். பொருளுக்கு ஒடமக்காரன் வந்துட்டான்" என்றான்.

கோகிலவாணி போனில் தேடிப் பார்த்தாள். "அதெல்லாம் இல்ல சித்தப்பா. மோட்டார் கம்பெனியில வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. பழைய கார் கம்பெனிங்களோட சரித்திரம் எழுதறாராம். ரெண்டு புக்கு போட்டிருக்காரு."

"புக்கா?" என்றாள் தீர்த்தம்மாள். நிலம் அளக்கிறவன் என்றபோது கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. "ஊர் வாயில இருந்தது மேப்புல ஏறிச்சு. இனிமே புக்குலயும் ஏறப்போவுது. அப்பறம் நான் செத்தாலும் போவாது."

என்ன செய்வது என்று வெங்கடாசலம்தான் சொன்னான். எந்தக் கார் என்று காட்டுவது அதன் நம்பர். நம்பர் போட்ட பித்தளைத் தகட்டை எந்தக் காலத்திலோ கழற்றிக் கிணற்றில் போட்டாயிற்று. இஞ்சின் மேல் வெட்டியிருக்கிற எண் ஒன்றுதான் மிச்சம். அதை அரைத்துவிட்டால் துரையே எழுந்து வந்தாலும் இது என் கார் என்று நிரூபிக்க முடியாது.

மறுநாள் மத்தியானம் மகள் வேலைக்குப் போன பிறகு ஷெட்டைத் திறந்தார்கள். கூரைத் துணியும் டயரும் எப்போதோ போய்விட்ட கார். இஞ்சினும் சட்டமும் மரச் சீட்டும் ஒரு விளக்கும் இருந்தன. நம்பர் இருந்த இடத்தில் நூறு ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

"தம்பி, தொடச்சு என்ன நம்பருன்னு ஒரு தடவ பாத்துக்கலாமா?"

"பாத்து என்ன பண்ணப் போறம் அண்ணி? தெரியாத வரைக்கும் நல்லது. போலீசு கேட்டா தெரியாதுன்னு சத்தியமே பண்ணலாம்."

கை கிரைண்டர் வைத்தான். முதலில் சிவப்பாகக் குங்குமப் பொடி பறந்தது. அப்புறம் பொறி பறந்தது. தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. தொட்டுப் பார்த்தாள், இரும்பு சுட்டது. அந்த இடம் மட்டும் புது எவர்சில்வர் போலப் பளபளத்தது. ஒரு கை மண்ணை எடுத்து அதன்மேல் அப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்திரமோகன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் டேப் இல்லை, ஒரு ஃபைல் இருந்தது. வெங்கடாசலம் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றான்.

"நான் எதையும் எடுத்துட்டுப் போக வரலீங்க" என்றார் அவர். "கார் இங்கதான் இருக்குதுன்னு ரோட்டு டீக்கடையில இருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் சொல்றாங்க. சென்னப்பன் உங்க பூட்டன்னும் சொல்றாங்க. நான் வந்த சேதிய மட்டும் கேட்டுருங்க. அப்பறம் போன்னா போயிடறேன்."

தீர்த்தம்மாள் பாயை விரித்தாள். நம்பி விரிக்கவில்லை, என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று விரித்தாள். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், கேளுங்கள் தங்கங்களா.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் கோல்ட்ரிக் என்று அண்ணன் தம்பி இருவர். குடைக் கம்பி செய்துகொண்டிருந்தவர்கள், சைக்கிள் செய்து, அப்புறம் கார் செய்ய ஆரம்பித்தார்கள். கார் என்றால் என்ன என்றே பாதி உலகத்துக்குத் தெரியாத காலம் அது. அண்ணன் எட்வின் இஞ்சின் செய்வான், தம்பி ஹென்றி அதற்கு வண்டிக் கூடு கட்டுவான். இரண்டு பட்டறை, நடுவில் ஒரு முற்றம். அண்ணன் பட்டறைக்குத் தம்பி போக முடியாது, தம்பி பட்டறைக்கு அண்ணன் போக மாட்டான். தன் வேலையை ஒருத்தன் படித்துக்கொண்டால் தன்னைக் கழற்றி விட்டுவிடுவான் என்று இருவருக்கும் பயம். இஞ்சின் முடிந்ததும் அதன்மேல் சாக்குப் படுதாவைப் போர்த்திக் கயிறு கட்டித்தான் முற்றத்தைத் தாண்ட விடுவான் எட்வின். தன் ஆட்களிடம்கூட முழு வரைபடத்தைக் காட்டியதில்லை. ஆளுக்கு ஓர் அளவு மட்டும் சொல்வான். எட்டு வருஷத்தில் நூற்று நாற்பது கார். அதற்கு மேல் ஓடவில்லை. ஹென்றி வரைபடத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். எட்வின் அத்தனை வரைபடத்தையும் வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தான். கம்பெனி அதோடு போயிற்று.

"அண்ணந்தம்பின்னா அப்பிடித்தான்" என்று வெங்கடாசலம் முணுமுணுத்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

சந்திரமோகன் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "கம்பெனி போனாலும் அவங்களுக்கு வந்த கடுதாசியெல்லாம் ஒரு பெட்டியில தங்கியிருக்குது. இது ஹெம்ஸ்லி தொரை எழுதினது. நான் தமிழ்ல சொல்லட்டுங்களா?"

"நீங்க படிக்கறது இருக்கட்டும்ங்க" என்றான் வெங்கடாசலம். "நீ படி கோகிலா. ஒரு எழுத்து விடாம படி."

கோகிலவாணி மெதுவாகப் படித்தாள், நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். உங்கள் நூற்று முப்பத்தொன்றாம் கார் தண்ணீர் பம்ப் உடைந்து மூன்று மாதமாக நிற்கிறது. நான் யுத்தத்துக்குப் போகிறேன். இந்தக் காரை என் டிரைவர் சென்னப்பனுக்கே கொடுத்துவிட்டேன். ஓட வைப்பதாக அவன் சொல்கிறான். இனிமேல் கார் அவனுடையது, எதை அனுப்பினாலும் அவன் பேருக்கு அனுப்புங்கள். கீழே கையெழுத்து, தேதி.

தீர்த்தம்மாள், "இன்னொரு தடவ படி" என்றாள். மகள் மறுபடி படித்தாள்.

"இதுதாங்க சேதி" என்றார் சந்திரமோகன். "உங்க ஷெட்ல இருக்கறது நூத்தி முப்பத்தொண்ணுன்னா அது உங்க பூட்டனோட சொந்தக் கார். இஞ்சின் மேல நம்பர் வெட்டியிருக்கும். அத ஒரு போட்டோ எடுத்துட்டா புக்குல அடிச்சுச் சொல்லிடலாம்."

தீர்த்தம்மாளும் வெங்கடாசலமும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததையும் அவர் கவனித்தார்.

"நம்பரெல்லாம் துரு தின்னுடுச்சுங்க" என்றான் வெங்கடாசலம்.

"இருந்தாலும் பாக்கறேன்."

சங்கிலியைக் கழற்றினார்கள். சந்திரமோகன் காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். டார்ச் அடித்தார். நேரே அந்த இடத்துக்குப் போய், காய்ந்த மண்ணை விரலால் தட்டினார். மண் உதிர்ந்தது. உள்ளே இரும்பு பளபளத்தது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது துரு இல்லீங்க."

வெங்கடாசலம் ஓர் அடி பின்னால் போனான்.

"நாப்பது வருஷம் மோட்டார் தொழில்ல இருந்திருக்கேன். நம்பர எவன் அரைப்பான்னு எனக்குத் தெரியும்." டார்ச்சை அணைத்தார். "முந்தாநாளோ நேத்தோ அரைச்சிருக்கீங்க. இது வேற ஆரோட காரோ. மொத நாளு சென்னப்பனே இல்லன்னீங்க, பில்லுன்னீங்க. ஊருல சொல்ற பேருல விஷயம் இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது."

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு நடந்தார். கார் கிளம்பிற்று. பார்த்தீர்களா கண்ணுங்களா, நூறு வருஷமாக ஊர் சொன்ன பொய்யை, பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுக்காரர்களே மெய் போலச் செய்து வைத்துவிட்டார்கள்.

தீர்த்தம்மாள் ஓடினாள். வெறுங்காலோடு தோப்புக்கு நடுவே குறுக்கே விழுந்து ஓடி, பாதை முக்கில் காருக்கு முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"புதன்கெழம மத்தியானம் அரைச்சம்ங்க. எங்கொழுந்தனாரு அரைச்சாரு, நான் பக்கத்துல நின்னேன். என்ன நம்பருன்னு கூட பாக்கல. நீங்க தொரை வூட்டு ஆளுன்னு பயந்துட்டோம்." அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கொட்டாயின் பேர், மேப், மாரண்டஹள்ளி போன், அடுப்பில் போன காகிதங்கள், மூடிய கதவுக்குள் வைத்த பொட்டு, எல்லாம் சொன்னாள். "எங்க பூட்டன் திருடலன்னு எங்களுக்கே நிச்சயமில்லீங்க. அதான் அரைச்சோம். இப்ப நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி."

அவர் முழுதும் நம்பிவிட்டதாக முகம் சொல்லவில்லை. ஆனால் வண்டியை அணைத்தார். "தண்ணி பம்ப நீங்க ஆராவது எப்பவாவது கழட்டினீங்களா?"

"அதுல ஆரும் கை வைக்கலீங்க. என்ன இருக்குதுன்னே தெரியாது."

"உங்க கொழுந்தனாரக் கழட்டச் சொல்லுங்க. நான் தொடமாட்டேன்."

வெங்கடாசலத்துக்குக் கிணற்று மோட்டார் கழற்றிப் பழகின கை. ஆனாலும் போல்ட் நகரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனர் எதுவும் சேராமல், பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூடி வந்ததும் உள்ளே, இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தள்ளுகிற சின்னச் சக்கரம் தெரிந்தது.

"இம்பெல்லரு" என்றான் அவன். துணியால் துடைத்தான். "வெங்கலம். இது சீமையில வார்த்தது இல்லீங்க. நம்மூரு கோயில் மணி வார்க்கற மாதிரி வார்த்து, அரத்துல ராவியிருக்காங்க."

"எத்தன இறக்கைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார் சந்திரமோகன். அவர் ஷெட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றிருந்தார். "நீங்க வேணாம். அம்மா எண்ணட்டும்."

தீர்த்தம்மாள் குனிந்தாள். ஒவ்வோர் இறக்கையாக விரல் வைத்து எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டால் என்ன ஆகுமென்று தெரியாமல் மறுபடியும் எண்ணினாள்.

"எட்டுங்க."

அவர் திரும்பவில்லை. அப்படியே கீழே மண்ணில் உட்கார்ந்தார். ஃபைலின் அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

அது அதே பெட்டியில் இருந்த, எட்வின் கோல்ட்ரிக் சென்னப்பனுக்கு எழுதிய பதிலின் நகல். சென்னப்பன் யாரையோ பிடித்து இங்கிலீஷில் எழுதச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். புதுப் பம்ப் அனுப்பு என்று கேட்கவில்லை. இம்பெல்லர் எந்த இடத்தில் விண்டது, ஏன் விண்டது, இஞ்சினின் பின்பக்கம் தண்ணீர் எட்டாமல் எப்படிச் சூடேறுகிறது, இறக்கை ஆறு போதாது என்று எழுதியிருக்கிறார். அதற்கு எட்வின் எழுதுகிறான்: நீ சொல்வது சரி. நானும் போன மாதம் அதையேதான் கண்டேன். இறக்கை எட்டு இருக்க வேண்டும். இனி இங்கே செய்ய ஆள் இல்லை. பழையதெல்லாம் எரிந்துவிட்டது, புதிதாக வரைந்த வரைபடம் இதோடு இருக்கிறது, உன் ஊரில் செய்துகொள். இதை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

"உலகத்துல இப்ப இது போக மூணு கோல்ட்ரிக் கார்தான் மிச்சம்" என்றார் சந்திரமோகன். "மூணையும் கழட்டிப் பாத்துட்டேன். மூணுலயும் ஆறு இறக்கைதான். கம்பெனி செஞ்ச எந்தக் கார்லயும் எட்டு கெடையாது. அந்த வரைபடம் கையில வந்த ஒருத்தர் மட்டுந்தான் எட்டு வச்சிருக்க முடியும்."

"இத ஏங்க மொதல்லயே காட்டல?" என்று கேட்டாள் கோகிலவாணி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எட்டுன்னு நான் சொல்லிட்டா, எட்டு வச்சு ஒண்ணு வார்த்துட்டு வந்துருவீங்களோன்னு. உங்க சித்தப்பா மோட்டார் மெக்கானிக்குன்னு கேள்விப்பட்டேன்."

வெங்கடாசலம் முதன்முறையாகச் சிரித்தான். "வார்த்தாலும் வார்த்திருப்பேங்க."

தீர்த்தம்மாளுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. இம்பெல்லரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். "அப்ப அவரு திருடலையாங்க?" என்று கேட்டாள். அந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்தில் அவள் வாய்விட்டு அதைக் கேட்டது அன்றுதான்.

"இல்லீங்கம்மா. திருடல."

அவள் ஷெட் கதவுக்கு வெளியே போய், யாருக்கும் முகம் தெரியாதபடி நின்று அழுதுவிட்டு வந்தாள்.

மத்தியானம் அவர் மரச் சீட்டில் உட்கார்ந்து தன் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதினார். தமிழில் படித்தும் காட்டினார். சென்னப்பன் பேர், துரையின் கடிதம், எட்டு இறக்கை எல்லாம் வந்திருந்தது. நம்பரைப் பற்றி மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருந்தார்.

"காலத்துல அழிஞ்சு போச்சுன்னு போட்டுருங்க சார்" என்றான் வெங்கடாசலம். "அது பொய்யும் இல்ல."

"அப்பிடிப் போட்டா எனக்கும் சௌகரியந்தான். நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

தீர்த்தம்மாள் யோசித்தாள். "நாளைக்கி இன்னொருத்தரு வந்து அந்தப் பளபளப்பப் பாத்தா, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்ங்க. நடந்தத எழுதுங்க. பயத்துல நாங்களே அரைச்சம்னு எழுதுங்க. எம்பேரையும் போடுங்க."

"எம்பேரு?" என்றான் வெங்கடாசலம்.

"அரைச்சது ஆரு தம்பி?"

அவன் பேரும் ஏறிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அதியமான்கோட்டைக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பக்கங்களில் சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாடு சமைத்து வைத்திருந்தாலும் தொடாமல் எழுந்து போவார்கள். உட்கார்ந்ததும் தீர்த்தம்மாள் சந்திரமோகன் எழுதின பக்கத்தின் நகலை மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி கையில் கொடுத்தாள். "மேப்புல எங்க கொட்டாய் பேரப் பாத்திருப்பீங்க. அதுக்கு பதில் இதுல இருக்குதுங்க. எங்க தப்பும் இருக்குது."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அரைச்சத நீங்களா சொன்னீங்களா, அவரு கண்டுபுடிச்சாரா?"

நானாகச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? தீர்த்தம்மாள் மகளை ஒரு தடவை பார்த்தாள்.

"கண்டுபுடிச்சாருங்க. அப்பறந்தான் சொன்னேன்."

நிர்மலாதேவி அவளையே பார்த்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் எழுவதற்குத் துண்டைத் தோளில் போட்டார். அவரை ஒரு கையால் அமர்த்திவிட்டு அந்த அம்மா, "கை கழுவ எங்க போவணும்ங்க? எலையப் போடச் சொல்லுங்க, பசிக்குது" என்றார்.

ஊர் வாய் ஒரு நாளில் மாறிவிடாது. பாதிப் பேர் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள். அது போகட்டும். என் தங்கங்களா, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கை நனைத்து, வயிறு குளிர்ந்து போகட்டும். உங்கள் வாசலில் நிற்கிற புது முகத்தைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் வாங்க என்று சொல்லும்படியாக, நெல்லும் கேழ்வரகும் சிரிப்பும் குறையாமல் உங்கள் குடும்பம் நிறைந்து இருக்கட்டும்.